காப்புக் கட்டிய ஊரில் ஒரு துடுப்புப் போட்டி

என்னை மதுரைக்கு அனுப்பியதற்குக் காரணங்கள் இரண்டு. எனக்குத் தமிழ் தெரியும். தமிழ் தெரிந்த மற்ற இருவருக்கும் விடுப்பு கிடைக்கவில்லை.

நான் கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர்களை எண்ணிப் பார்க்கிற வேலையில் இருப்பவன். மாலை நேரங்களில் உள்ளரங்கத் துடுப்புச் சங்கம் ஒன்றில் உறுப்பினன். இந்த விளையாட்டைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நீண்ட தண்டவாளம், அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் ஓர் இருக்கை, எதிரே கூண்டுக்குள் ஒரு காற்றாடிச் சக்கரம், அதிலிருந்து வரும் சங்கிலியின் நுனியில் ஒரு கைப்பிடி. உட்கார்ந்து, காலை உதைத்து, கைப்பிடியை வயிறுவரை இழுக்க வேண்டும். பிறகு மறுபடியும் அதையே செய்ய வேண்டும். நிஜப் படகாக இருந்தால் எவ்வளவு தூரம் போயிருப்போம் என்று சிறிய திரை ஒன்று கணக்குச் சொல்லும். படகும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. வலி மட்டும் நிஜம்.

ஆசிய அளவில் இதற்கு ஆண்டுதோறும் போட்டி உண்டு. அவரவர் ஊரில் அவரவர் மிஷினில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் இழுப்பார்கள். இணையம் வழியாகத் திரைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். சென்ற ஆண்டு நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் பிரிவில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருவர் முதலாவதாக வந்தார். பெயர் பஞ்சவர்ணம். ஆனால் முடிவதற்குச் சற்று முன்னால் கரண்ட் போய், வீடியோ அறுந்துவிட்டது. கடைசிப் பகுதியை இழுத்தது அவர்தானா என்று யாரோ கேட்டார்கள். போட்டி நடத்தும் குழு கூடிப் பேசியது. 'உறுதி செய்யப்படாதது' என்று எழுதி, பதக்கத்தை இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுத்துவிட்டது.

இன்னொரு முறை இப்படி நடந்தால் பெயரையே நீக்கிவிடுவார்கள். அதனால் இந்த ஆண்டு வெளிநாட்டுச் சாட்சி ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அந்தச் சாட்சி நான். எனக்கும் தகுதி உண்டு. மூத்தோர் பிரிவில் ஒருமுறை நான்காவதாக வந்திருக்கிறேன். அன்று நாங்கள் நான்கு பேர்தான் கலந்துகொண்டோம்.

மதுரையில் இறங்கியதும் ஆட்டோக்காரர் சொந்த ஊரைக் கேட்டார். கிள்ளான் என்றேன்.

"அது மலேசியாண்ணே. சொந்த ஊரு?"

"கிள்ளான்தான்."

"சரி, அய்யாவுக்கு?"

"அவரும் கிள்ளான்தான்."

அவர் வண்டியைக் கோரிப்பாளையம் பக்கம் திருப்பினார். நாதியற்றவனை ஏற்றிப் போகிறோம் என்ற அனுதாபம் அவர் முதுகிலேயே தெரிந்தது. எங்கள் ஊரில் ஹாரன் அடித்தால் சண்டை என்று அர்த்தம். இங்கே ஹாரன் அடிக்காவிட்டால் வண்டி ரிப்பேர் என்று அர்த்தம். கோரிப்பாளையம் சந்திப்பில் ஒரு வண்டியும் ரிப்பேர் இல்லை.

பஞ்சவர்ணம் பயிற்சி எடுக்கும் உடற்பயிற்சிக் கூடம், தர்காவுக்குப் பின்னால் ஒரு மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நடத்துகிறவர் இப்ராஹிம் பாய். அவர்தான் பஞ்சவர்ணத்துக்குப் பயிற்சியாளரும். ஜிம் நடத்துகிறவருக்கு இருக்க வேண்டிய உடம்பு அவருக்கு இல்லை. பிரியாணிக் கடை நடத்துகிறவருக்கு இருக்க வேண்டிய உடம்பு இருந்தது. மத்தியானம் அவர் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டைப் பார்த்த பிறகு, அந்த உடம்பை அவர் இந்த அளவில் நிறுத்தி வைத்திருப்பதே பெரிய காரியம் என்று தோன்றியது.

மிஷினைச் சோதித்தேன். சங்கிலி, சக்கரம், திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. யாரும் பிரித்து மாற்றாமலிருக்க, குழு கொடுத்தனுப்பிய முத்திரைத் தாளை ஒட்டினேன். நான் ஒட்டி முடித்ததும் இப்ராஹிம் பாய் அதன்மேல் ஊதிவிட்டு, "இன்ஷா அல்லா, இந்தத் தடவ எவனும் வாயத் தெறக்க முடியாது சார்" என்றார்.

மாலையில் பஞ்சவர்ணம் வந்தார். நாற்பத்திரண்டு வயது. ஒடிசலான உடம்பு, நீண்ட கைகள். கை குலுக்கியபோது என் விரல்கள் அவர் பிடிக்குள் போய், வேறு விதமாக வெளியே வந்தன. பேரையூரில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறார். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் காட்டில் களை எடுத்துப் படிக்க வைத்திருக்கிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர்தான்.

கீழே தெருமுனையில் முள்ளு முருங்கை வடை சாப்பிட்டபடி தன் கதையைச் சொன்னார். அந்த வடையைப் பச்சை நிறத்தில், உள்ளங்கை அகலத்தில், மேலே பொடி தூவித் தருகிறார்கள். முதல் வடைக்கும் நான்காவது வடைக்கும் நடுவில் அவருடைய கிளினிக்கின் முதல் பத்து வருடங்கள் முடிந்துவிட்டன.

"முட்டிவலிக்காரகளுக்குன்னு இந்த மிஷின செகண்ட்ஹேண்டுல வாங்குனேன் சார். யாரும் ஒக்காரல. இப்பிடித்தான்னு காமிக்க நானே ஒக்காந்து இழுப்பேன். தெனமும் காமிச்சேன். அவுகளுக்கு வலி கொறையல. எனக்கு ஸ்பீடு கூடிருச்சு."

ஏதோ வேலையாக கிளினிக்குக்கு வந்த இப்ராஹிம் பாய் திரையில் இருந்த எண்ணைப் பார்த்திருக்கிறார். மிஷின் கெட்டுப்போச்சு என்று முடிவு செய்து, தன் ஜிம்முக்கு அழைத்துப் போய் அங்கிருந்த மிஷினில் இழுக்கச் சொல்லியிருக்கிறார். அதுவும் கெட்டுப்போயிருந்தது. பிறகு மாவட்டம், மாநிலம், தேசிய அளவில் வெள்ளி, அடுத்த ஆண்டே தங்கம். தங்கம் வாங்கியபோது ஊர் இளைஞர்கள் ஃபிளக்ஸ் வைத்தார்களாம். அதில் அவர் நடுக்கடலில் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கப்பல், பக்கத்தில் இரண்டு டால்பின். கீழே வரிசையாக இளைஞர்கள் கூலிங்கிளாஸ் போட்டு, செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நிஜப் படகில் போனதுண்டா?" என்று கேட்டேன்.

"கல்யாணமான புதுசுல கொடைக்கானல்ல ஏறுனேன். வாந்தி எடுத்துட்டேன்."

அவர் சிரிக்காமலே சொன்னார். நான் சிரித்தேன். பிறகு அவர் வடைத் தாளைக் கசக்கியபடி, "போன வருசம் நாந்தான் சார் இழுத்தேன்" என்றார். சாட்சி முன்கூட்டி எதையும் நம்பக்கூடாது என்று விதியில் இருக்கிறது. நான் நம்பினேன்.

போட்டி சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு. கிழக்கே இருக்கும் நாடுகளின் வசதிக்கு வைத்த நேரம் அது. இடையில் சில நாட்கள் இருந்ததால் செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குத் தன் ஊருக்கு அழைத்தார். பேரையூருக்குப் பக்கத்தில் சின்னமுத்தம்பட்டி.

பஸ்ஸில் ஒரு காலி சீட்டில் உட்கார்ந்தேன். அதன்மேல் ஒரு துண்டு கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து, பத்திரமாக மடித்து டிரைவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். துண்டுக்காரர் ஏறி வந்து என்னைப் பார்த்தார்.

"துண்டு போட்டிருந்தேனே?"

"டிரைவரிடம் இருக்கிறது," என்றேன்.

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டால் அந்த இடம் பதிவாகிவிடுகிறது என்று ஓர் அம்மா எனக்கு விளக்கினார். திருமங்கலம்வரை நின்றுகொண்டு போனேன். அங்கே சிலர் இறங்க, என் கைக்குட்டையை எட்டி ஒரு சீட்டில் போட்டேன். அதன்மேல் ஒருவர் உட்கார்ந்தார். கைக்குட்டை செல்லாது போலிருக்கிறது.

திருமங்கலம் தாண்டியதும் கரிசல். கண்ணுக்கெட்டியவரை பருத்தி, சோளம், சீமைக்கருவேலம். கண்மாய் ஒன்றைக் கடந்தோம். அதற்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கிள்ளானில் மழை பெய்யாத நாளைச் செய்தியாகச் சொல்வோம். இங்கே பஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தவர்கள் மழையை ஊரைவிட்டுப் போன உறவுக்காரரைப் போல விசாரித்துக்கொண்டார்கள்.

பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர் முத்துப்பாண்டி பேரையூரில் மோட்டார் காயில் கட்டுகிறவர். நாட்டுக்கோழி அடித்திருந்தார். அந்தக் குழம்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பந்தயம் வரை போக மாட்டேன். நல்லெண்ணெய் மிதக்க, மிளகு ஏறிய, கரண்டியில் ஒட்டும் குழம்பு. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அதுதான் அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த கடைசிக் கோழி என்று அப்போது தெரியாது.

முத்துப்பாண்டியின் அப்பா பெரியகருப்பன், ஊர் அம்மன் கோயில் பூசாரி. எழுபதைத் தாண்டியவர். அதிகம் பேசாதவர். திருவிழாவுக்கு அம்மன் தலையில் பூ வைத்து, அது விழுகிறதா என்று பார்த்து உத்தரவு கேட்பதாகவும், மூன்று செவ்வாயாகக் கேட்டும் பூ விழவில்லை என்றும் சொன்னார்கள். அன்றைக்கும் கேட்கப் போகிறார்கள் என்றதும், வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

பூ விழுந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். உத்தரவு கிடைத்த அன்றே காப்புக் கட்டுவது இந்த ஊர் வழக்கம். பொழுது சாயும் நேரத்தில் பூசாரி அம்மனுக்கு மஞ்சள் கயிறு கட்டினார், தனக்குக் கட்டிக்கொண்டார், தன் குடும்பத்தார் கையில் வரிசையாகக் கட்டினார். வரிசையில் பஞ்சவர்ணத்துக்கு அடுத்து நான் நின்றேன். கிள்ளானில் கோயிலுக்குப் போனால் ஐயர் கயிறு கட்டுவார், தட்டில் எங்கள் ஊர்க் காசு ரெண்டு வெள்ளி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த ஞாபகத்தில் கையை நீட்டினேன். பூசாரி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கட்டிவிட்டார்.

திரும்பினால் பஞ்சவர்ணம் வாயில் கை வைத்து நிற்கிறார்.

"சார், கைய எதுக்கு நீட்டுனீக?"

"ஏன்?"

"காப்புக் கட்டுனா திருவிழா முடியிறவரைக்கும் ராத்திரி ஊருக்குள்ளதான் இருக்கணும். எட்டு நாளு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதை முன்பே சொல்லக்கூடாதா என்று கேட்டேன். மலேசியாவில் எப்படி என்று தங்களுக்கு எப்படித் தெரியும் என்று முத்துப்பாண்டி கேட்டார். அதுவும் நியாயம்தான். அதோடு வேறு விதிகளும் இருந்தன. கறி கூடாது. தாளிக்கக் கூடாது. உரல், திரிகை, செக்கு எதுவும் ஓட்டக் கூடாது. பொழுது சாய்ந்தால் எல்லைக்கல்லுக்கு உள்ளே இருக்க வேண்டும், பொழுது விடிந்தால்தான் வெளியே போகலாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பஞ்சவர்ணத்துக்கு முன்பே உறைத்திருந்தது. அதனால்தான் வாயில் கை வைத்திருந்தார். சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கோரிப்பாளையத்தில் இருக்க வேண்டுமென்றால் இருட்டோடு எல்லையைத் தாண்ட வேண்டும்.

"இந்தச் செவ்வாயும் பூ விழாதுன்னு நெனச்சேன் சார்," என்றார். "மூணு வாரம் விழுகாதது இன்னிக்குப் பாத்து விழுகணுமா?"

மாமனாரிடம் விலக்குக் கேட்கலாமே என்றேன். "ஊருக்கே காப்புக் கட்டுறவரு. அவரு மருமகளே மீறுனா அவரு நாளைக்கு எந்த மொகத்தோட திருநீறு குடுப்பாரு? நான் கேக்க மாட்டேன்," என்றார். குரலில் வருத்தம் இருந்தது, சந்தேகம் இல்லை.

மறுநாள் குழுவுக்குப் போன் செய்தேன். நேரத்தை மாற்ற முடியாது, இத்தனை நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்றார்கள். இடத்தை மாற்றலாம், சாட்சி கூடவே இருந்தால் போதும் என்றார்கள். சாட்சி அந்த ஊரைவிட்டு எங்கும் போக மாட்டான் என்று உறுதியளித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிச்சயமாக எதையும் சொன்னதில்லை.

ஆக, முத்திரை ஒட்டிய மிஷின் ஊருக்கு வர வேண்டும். இப்ராஹிம் பாய் ஒரு குட்டியானை வண்டி பிடித்தார். வியாழக்கிழமை காலையில் கிளம்பியவர் மத்தியானம்வரை வரவில்லை. டிரைவர் பரவை மார்க்கெட்டில் பேரையூர்க் கடைக்கு வெங்காயம் ஏற்ற வேண்டியிருந்ததால், மதுரைக்குத் தெற்கே வர வேண்டிய மிஷின் முதலில் மேற்கே போயிருக்கிறது. மாலையில் வந்து சேர்ந்தது. மூட்டைகளுக்கு அடியிலிருந்து அதைத் தோண்டி எடுத்தோம். தண்டவாளம் முழுக்க வெங்காயச் சருகு. முத்திரைத் தாள் மட்டும் கிழியாமல் இருந்தது.

"நானும் மாட்டிக்கிட்டேனா?" என்று இப்ராஹிம் பாய் கேட்டார். காப்புக் கட்டும்போது ஊரில் இல்லாததால் அவர் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள். அவர் போகவில்லை. "மிஷின விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது தங்கச்சி," என்று பஞ்சவர்ணத்திடம் சொல்லிவிட்டு, மிஷின் பக்கத்தில் பாயை விரித்துவிட்டார்.

பஞ்சவர்ணம் ஒத்திகைக்காக இரண்டு இழுப்பு இழுத்தார். காற்றாடிச் சக்கரம் உறுமியது. பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. கொஞ்ச நேரத்தில் பெரியவர்கள் நால்வர் வந்துவிட்டார்கள். காப்புக் கட்டிய ஊரில் செக்கு ஓடுகிறதென்று புகார்.

கோயில் முன்னால் கூட்டம் கூடியது. மிஷினையும் தூக்கிக்கொண்டு போய் நடுவில் வைத்தோம். பூசாரி அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது என்னத்தத்தா அரைக்கும்?"

"ஒண்ணும் அரைக்காது மாமா," என்றார் பஞ்சவர்ணம்.

"எண்ணெ ஆட்டுமா?"

"ஆட்டாது."

"பெறகு எதுக்கு இழுக்குற?"

"எல்லாரையும் விட வேகமா இழுத்தா செயிக்கலாம்."

"செயிச்சு?"

அந்தக் கேள்வியை என் மனைவி பல வருடங்களாக என்னிடம் கேட்கிறாள். எங்கள் சங்கத்தில் யாரும் அதற்குப் பதில் கண்டுபிடித்ததில்லை.

ஒரு பெரியவர், சுற்றுகிற எதுவும் கூடாது என்பதுதான் முன்னோர் சொன்னது என்றார். மிக்சி சுற்றுகிறதே என்று முத்துப்பாண்டி கேட்டார். மிக்சிக்கு விதி சொல்லவில்லை, விதி போட்ட காலத்தில் மிக்சி இல்லை என்றார் பெரியவர். அப்படியானால் இதுவும் அப்போது இல்லையே என்றார் முத்துப்பாண்டி. அப்பாவின் முன்னால் அவர் அவ்வளவு பேசி ஊர் பார்த்ததில்லை போலும், எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

இப்ராஹிம் பாய் கும்பலின் ஓரத்திலிருந்து, "அய்யா, இது செக்கு இல்லீங்க. படகு. தண்ணியில்லாத படகு," என்றார்.

பூசாரி நிமிர்ந்தார். "படகா?" என்று கேட்டு, பெரியவர் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, படகுக்குத் தடை உண்டுமா?"

பெரியவர் மிஷினை இன்னொரு முறை சுற்றி வந்தார். "தடை போட நம்ம ஊருல என்னிக்குய்யா படகு இருந்துச்சு?"

"அப்பச் சரி," என்றார் பூசாரி. ஒரு தேங்காயை மிஷினுக்குச் சுற்றி உடைத்தார். கூட்டம் கலைந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழுவோடு வீடியோவில் சோதனை. ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் அடி. அங்கே மிஷினைப் போட்டிருந்தோம். குழுவின் சார்பில் ஜப்பானிய அம்மையார் ஒருவர் பேசினார். மிஷினைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். அவர் பேசியதன் தமிழ் இது:

"உங்கள் கையில் இருக்கும் கயிறு என்ன? போட்டியாளர் கையிலும் அதே கயிறு இருக்கிறதே. நீங்கள் ஒரே அணியா?"

திருவிழா என்றேன். காப்பு என்றேன். என் ஆங்கிலம் கன்டெய்னர்களுக்குப் போதுமானது, காப்புக்குப் போதவில்லை.

"நீங்கள் நினைத்தால் இன்றிரவு அந்த ஊரைவிட்டுப் போக முடியுமா?"

"முடியாது."

"உங்களைப் பிடித்து வைத்திருக்கிறார்களா?"

"சாப்பாடு போடுகிறார்கள்," என்றேன். சரியான பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். நடுநிலை பற்றிக் கேள்வி வராமலிருக்க அதுதான் வழி."

பஞ்சவர்ணத்துக்கு ஆங்கிலம் தெரியும். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவிழ்க்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவிழ்த்திருப்பேன். கேட்கவில்லை. மூன்று நாட்களாகத் தாளிக்காத குழம்பைச் சாப்பிட்டு எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறியிருந்தது.

"அம்மா, தெரியாமல் கட்டிக்கொண்டாலும் கட்டியது கட்டியதுதான். இந்த ஊருக்குச் சொன்ன சொல்லை இன்றைக்கு மீறினால், நாளைக்கு உங்களுக்குச் சொல்லும் சொல்லை எப்படி நம்புவீர்கள்?"

அவர் ஒலியை நிறுத்திவிட்டு வேறு யாருடனோ பேசினார். அவர் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஒலி வந்தது. "கயிறு இருக்கட்டும்," என்றார். இப்ராஹிம் பாய் என் முதுகில் தட்டினார். இரண்டு நாட்களுக்கு வலித்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு முன்னால் ஊரே தொட்டியடியில் இருந்தது. இன்னும் விடியவில்லை. தெருவிளக்கின் கீழே பஞ்சவர்ணம் கால்களை வார்ப்பட்டையில் மாட்டினார். முத்துப்பாண்டி ஒரு போனைக் கையில் பிடித்திருந்தார். போன் ஆடாமலிருக்க இப்ராஹிம் பாய் அந்தக் கையைப் பிடித்திருந்தார். பூசாரி கொஞ்சம் தள்ளி, கைகட்டி நின்றார்.

திரை பச்சையாயிற்று. சக்கரம் உறுமியது.

முதல் பாதியில் பஞ்சவர்ணம் மூன்றாவதாக இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இழுப்பு மட்டும் ஒரே சீராக, கிணற்றில் வாளி போட்டு இழுக்கிறவர் போல, அவசரமில்லாமல் வந்தது. பாதி தாண்டியதும் இரண்டாவது. பெண்கள் யாரும் சொல்லாமலே குலவையிட்டார்கள். முக்கால் பங்கில் முதலாவதாக வந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். சாட்சி சத்தம் போடக்கூடாது.

அப்போது சிக்னல் போனது.

திரையில் மற்ற நாடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பஞ்சவர்ணத்தின் எண் மட்டும் தனியாக நின்றது. முத்துப்பாண்டி போனைத் தூக்கிப் பிடித்து, "போச்சு பாய், போச்சு" என்றார். சென்ற ஆண்டு இதே கட்டத்தில்தான் எல்லாம் அறுந்துபோனது. அவருக்கும் அது தெரியும். பக்கத்தில் யார் வருகிறார்கள், யார் முந்துகிறார்கள் என்று இனி தெரிய வழியில்லை. இழுத்துத்தான் என்ன பயன் என்று நானாக இருந்தால் கைப்பிடியை விட்டிருப்பேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. நான் தலையசைத்தேன். அது விதியில் இருக்கிறதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அதுவரை இழுத்ததெல்லாம் ஒத்திகை என்பதுபோல இழுத்தார். இரண்டு கிலோமீட்டரும் முடிந்து எண் நின்றபோது கைப்பிடி அவர் கையிலிருந்து தானாக நழுவியது. அப்படியே தண்டவாளத்தின்மேல் சாய்ந்தார்.

மிஷின் தன் நேரத்தைத் தானே வைத்துக்கொள்ளும். ஆனால் சிக்னல் வந்தால்தான் அனுப்பும். இப்ராஹிம் பாய் உதட்டுக்குள் துவா ஓதினார். யாரோ ஒருவர் தொட்டிப் படியில் ஏறி போனை ஆகாயத்துக்குக் காட்டினார்.

சிக்னல் வந்தது. ஜப்பானிய அம்மையார் வந்தார். நேரம் வந்து சேர்ந்திருக்கிறது, வீடியோவில் இடைவெளி இருக்கிறது, ஆகவே சாட்சியைக் கேட்கிறேன் என்றார்.

"முழு நேரமும் அருகில் இருந்தீர்களா?"

"இருந்தேன்."

"முடிக்கும்வரை இழுத்தது அவர்தானா?"

"அவர்தான்."

"கண்ணை எடுத்தீர்களா?"

"சிமிட்டினேன்," என்றேன். "மற்றபடி இல்லை."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். உறுதி செய்யப்பட்டது என்றார். முதலிடம் என்றார். நான் தமிழில் சொல்வதற்கு முன்பே பஞ்சவர்ணம் சொன்னார். மிகவும் மெதுவாக, இழுத்து இழுத்து மூச்சு விட்டபடி, "நாந்தான்" என்றார். குலவை, விசில், யாரோ வைத்த ஓர் அணுகுண்டு வெடி. முத்துப்பாண்டி போனைக் கீழே போட்டுவிட்டு மனைவியின் காலை வார்ப்பட்டையிலிருந்து அவிழ்த்துவிட்டார்.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் பூசாரி அருகே வந்தார். கூட்டம் வழிவிட்டது.

"எம்புட்டு தூரம்த்தா அது?"

"ரெண்டு கிலோமீட்டரு மாமா."

அவர் வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார். கீழ்வானத்தில் இன்னும் வெளுப்பு வரவில்லை.

"எந்தப் பக்கம் போனாலும் நம்ம எல்லைக்கல்லு ஒரு மைலு. ரெண்டு கிலோமீட்டருன்னா தாண்டிருதே. பொழுது இன்னும் விடியலையே."

யாரும் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மிக்சியைப் பற்றிப் பேசிய பெரியவர் கவலையோடு தலையாட்டினார்.

பஞ்சவர்ணம் கையூன்றி எழுந்து நின்றார். "எங்கயும் போகல மாமா. இங்கனயேதான் ஒக்காந்திருந்தேன். எல்லாரும் பாத்தாகல்ல?"

"இங்கனயேதான் இருந்தியாக்கும்?"

"ஆமா மாமா."

"போகாதவ எப்பிடித்தா மொதல்ல வந்த?"

பூசாரி இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துத் திருநீறு எடுத்தார். தூரதேசம் போய்த் திரும்பியவர்களுக்குப் பூசுவதுபோல நெற்றி முழுக்க அழுத்திப் பூசினார்.

"போயிட்டுத்தான் வந்திருக்க. யாரும் போகாத தூரம் போயிட்டு வந்திருக்க. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

சென்ற ஆண்டு பதக்கத்தைப் பறித்தபோது பஞ்சவர்ணம் அழவில்லை என்று இப்ராஹிம் பாய் என்னிடம் சொல்லியிருந்தார். இப்போது அழுதார்.